'ஆசியா' என்ற குறுங்கோள்: சென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு விண்கல்லின் கதை

'திகாம் பத்து' என்று கேட்டதும் நம்ம ஆட்களுக்கு முதலில் எண்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தப் 'பத்து' ஒன்பதுக்கு அடுத்தது இல்லை. மலாயில் 'பத்து' என்றால் கல். 'திகாம்' என்றால் குத்துவது. வடக்கு மாநிலப் பேச்சில் வீசி எறிவதையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். சுங்கை பட்டாணிக்குத் தெற்கே, கோலா மூடா மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் பெயரிலேயே ஒரு கல் இருக்கிறது.

இந்தக் கட்டுரையும் ஒரு கல்லைப் பற்றியதுதான். நீளம் சுமார் 58 கிலோமீட்டர். திகாம் பத்துவில் ஒரு முனையை வைத்தால், நேர்க்கோட்டில் மறுமுனை ஏறக்குறைய அலோர் ஸ்டாரைத் தொடும். அந்தக் கல்லின் பெயர் 'ஆசியா'. அதை முதன்முதலில் பார்த்தது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இல்லை. நம் முன்னோர்கள் பலர் கப்பல் ஏறி வந்த அதே மதராஸ் மாகாணத்தின் தலைநகரில், இன்றைய சென்னை நுங்கம்பாக்கத்தில்.

எப்படிப் பார்த்தார்கள்? போய்த் தொடாமலே அது எவ்வளவு பெரிசு, எதனால் ஆனது என்று எப்படிச் சொல்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிற மாதிரி, அது நம் தலையில் விழுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், குறுங்கோள் என்றால் என்ன?

சூரியனைச் சுற்றுவது எட்டுக் கோள்கள் மட்டும் இல்லை. கோள் ஆகும் அளவுக்குப் பெரிதாக வளராமல் போன பாறைத் துண்டுகளும் சுற்றுகின்றன. அவைதான் குறுங்கோள்கள். சிறுகோள் என்றும் சொல்வார்கள். இவற்றில் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட அகலமான வளையத்தில் இருக்கின்றன. அந்த இடத்துக்குத்தான் முதன்மைக் குறுங்கோள் பட்டை என்று பெயர்.

ஏன் அங்கே ஒரு கோள் உருவாகவில்லை? காரணம் வியாழன். அதன் ஈர்ப்பு விசை அங்கிருந்த துண்டுகளை ஒன்றுசேர விடாமல் கலைத்துக்கொண்டே இருந்தது. ஒன்றோடு ஒன்று மெதுவாக ஒட்ட வேண்டியவை, வேகமாக மோதி உடைந்தன. அதனால் 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சூரியக் குடும்பம் உருவானபோது மிச்சமான கட்டுமானப் பொருள் இன்னும் அங்கே கிடக்கிறது. வீடு கட்டி முடித்த பிறகு ஓரமாகக் குவிந்து கிடக்கும் செங்கல் துண்டும் மணலும் மாதிரி. வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள அந்தக் குவியலைக் கிளறினாலே போதும். அறிவியலாளர்களுக்குக் குறுங்கோள்கள் மேல் இவ்வளவு அக்கறை இருப்பது அதனால்தான்.

திரைப்படங்களில் விண்கலம் பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து தப்பிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிஜத்தில் அப்படி இல்லை. ஒரு குறுங்கோளுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர் இடைவெளி உண்டு. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் குறுங்கோள்கள் பதிவாகியிருக்கின்றன. இருந்தும், பட்டையில் உள்ள அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தால் நம் நிலவின் எடையில் நூற்றில் 3, 4 பங்குதான் வரும்.

1861 ஏப்ரல் 17: மதராஸில் என்ன நடந்தது?

முதல் குறுங்கோளான சீரிஸை 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் ஜியுசெப்பே பியாஸ்ஸி கண்டுபிடித்தார். அடுத்த அறுபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அறுபதுக்கும் மேல் சேர்ந்தன. ஆனால் ஆசியக் கண்டத்திலிருந்து ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1861-இல் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஐசிஸ், ஏரியட்னி, ஹெஸ்டியா என்று மூன்று குறுங்கோள்களைக் கண்டுபிடித்தவர். மதராஸ் வந்த சில மாதங்களிலேயே, ஏப்ரல் 17 அன்று, நான்காவதைப் பிடித்துவிட்டார்.

'பிடித்தார்' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறோம். தொலைநோக்கியில் பார்த்தால் குறுங்கோளுக்கும் விண்மீனுக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டுமே ஒரு புள்ளிதான். 'விண்மீன் போன்றது' என்ற பொருளில் இவற்றுக்கு 'அஸ்டிராய்டு' என்று பெயர் வந்ததே அதனால்தான். அப்படியென்றால் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே எது கல் என்று எப்படித் தெரியும்?

ஒரே ஒரு வழிதான். கல் நகரும். விண்மீன் நகராது.

முதல் நாள் இரவு வானத்தின் ஒரு சின்னப் பகுதியைப் பார்த்து, தெரிகிற ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று இருந்தால் குறித்து வைக்க வேண்டும். மறுநாள் இரவு அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். புள்ளி அங்கேயே இருந்தால், அது முன்பு யாரும் குறிக்காத மங்கலான விண்மீன். இடம் மாறியிருந்தால், குறுங்கோளாக இருக்கலாம். எவ்வளவு மாறும்? பூமிக்கு எதிர்ப்புறமாக வரும் காலத்தில், ஒரு நாளைக்கு முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி.

அப்போது கணினி கிடையாது. வானத்தைப் படம் பிடிக்கிற கேமராவும் இந்த வேலைக்கு வந்து சேரவில்லை. கண், கை, காகிதம், பொறுமை. அவ்வளவுதான்.

ஏன் 'ஆசியா'? 67 என்ன கணக்கு?

குறுங்கோளின் முழுப் பெயரில் எண்ணும் உண்டு: '67 ஆசியா'. வரிசையில் அறுபத்தேழாவது என்று பொருள். கண்டுபிடித்தவர் பெயர் வைக்கலாம் என்பது மரபு. அந்தக் காலத்தில் பெரும்பாலும் கிரேக்க, ரோமானியப் புராணங்களிலிருந்து பெயரை எடுத்தார்கள். கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்ற பெயர் இருக்கிறது. ஆனால் போக்சன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அது.

போக்சன் அதோடு நிற்கவில்லை. மதராஸிலிருந்தே 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா என்று மேலும் நான்கைக் கண்டுபிடித்தார். மொத்தம் ஐந்து.

இன்னொரு விஷயத்திலும் அவர் பெயரை வானியல் மாணவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். விண்மீன்களின் பிரகாசத்தைக் கணக்கிடும் அளவுகோலை 1856-இல் முன்மொழிந்தவர் அவர்தான். எண் கூடக் கூட மங்கல். ஐந்து படி இறங்கினால் பிரகாசம் நூறில் ஒரு பங்கு. அதாவது ஒரு படிக்குச் சுமார் 2.512 மடங்கு. வெறும் கண்ணுக்கு ஆறாம் படி வரை தெரியும். ஆசியா குறுங்கோள் சாதகமான காலத்தில்கூட பத்தாம் படியை ஒட்டித்தான் வரும். நான்கு படி வித்தியாசம், அப்படியென்றால் நம் கண்ணின் எல்லையைவிட ஏறக்குறைய 40 மடங்கு மங்கல். கால்குலேட்டரில் 2.512-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

அந்த வானாய்வகத்தில் வேறு யார் இருந்தார்கள்?

கண்டுபிடிப்புப் பட்டியலில் போக்சன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் வானாய்வகம் ஒரு ஆள் நடத்துகிற கடை இல்லை.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி அங்கே பல ஆண்டுகள் பணியாற்றி முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் பிரகாசம் மாறுவதைக் கண்டறிந்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்த இடத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது, அதை மக்களுக்கு விளக்க ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் நூல் வெளியிட்டார். அறிவியலை மக்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்று 150 ஆண்டுகளுக்கு முன்பே நினைத்தவர். இன்று நாம் எழுதும் இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கெல்லாம் அவர் மூத்தவர்.

இன்னொருவர் எலிசபெத் ஐசிஸ் போக்சன். நார்மன் போக்சனின் மகள். இங்கிலாந்தில் அப்பா கண்டுபிடித்த ஐசிஸ் குறுங்கோளுக்கு இவருடைய பெயர்தான். 1873-இல் மதராஸ் வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1886-இல் ராயல் வானியல் கழக உறுப்பினர் பதவிக்கு இவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஆனால் கழகத்தின் சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்க ஆண்பால் சொல்தான் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் 1920-இல்தான் உறுப்பினரானார். 34 ஆண்டுகள் கழித்து.

வானத்தில் ஒரு கல்லுக்கு இவர் பெயர் இருந்தது. கீழே ஒரு சங்கத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏற அவ்வளவு காலம் பிடித்தது.

அந்த வானாய்வகம் இன்று இல்லை. வானியல் பணிகள் பிறகு கொடைக்கானலுக்குப் போய்விட்டன. நுங்கம்பாக்கத்தில் அதே வளாகத்தில் இப்போது மண்டல வானிலை மையம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்திகளில் மழைக் காலத்தில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர்' என்று வாசிப்பார்களே, அந்த இடம்தான். பழைய தொலைநோக்கியைத் தாங்க 1792-இல் நிறுத்திய கருங்கல் தூண் இன்னும் அங்கே இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அப்போது இங்கே என்ன நிலைமை?

1861-இல் கெடாவில் ரப்பர் தோட்டமே கிடையாது. அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. ஆனால் மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினம் பக்கமிருந்து தமிழர்கள் பினாங்கு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளாக.

ஒரே மாகாணம், ஒரே காலம். ஒருவர் வானாய்வகத்தில் ஒரு புள்ளி நகர்கிறதா என்று காத்திருந்தார். அதே வானத்தின் கீழே, கப்பலின் மேல்தளத்தில், எங்கே போகிறோம் என்று சரியாகத் தெரியாமல் நம்மவர்கள் படுத்திருந்தார்கள். அந்தக் கல்லின் பெயரும் தேதியும் பதிவேட்டில் இருக்கின்றன. கப்பலில் வந்தவர்கள் பலரின் பெயரை இன்று தேடினாலும் கிடைக்காது. இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, கல்லுக்கு வருவோம். எவ்வளவு பெரிசு என்று எப்படி அளந்தார்கள்?

எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் ஆசியா மாதிரிக் குறுங்கோள் கிட்டத்தட்ட ஒரு புள்ளிதான். புள்ளியை வைத்து அகலத்தை அளக்க முடியாது. பிரகாசத்தை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. சின்னதாக, வெளிர் நிறத்தில் இருக்கும் கல்லும், பெரிதாக, கறுப்பாக இருக்கும் கல்லும் ஒரே பிரகாசத்தில் தெரியலாம்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. மத்தியான வெயிலில் ஒரு வெள்ளைக் காரும் ஒரு கறுப்புக் காரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கார் கண்ணைக் கூசும், ஆனால் தொட்டால் அவ்வளவாகச் சுடாது. கறுப்புக் கார் கூசாது, ஆனால் கை வைக்க முடியாது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாத பொருள், அதை வெப்பமாக மாற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரு குறுங்கோளிலிருந்து வரும் ஒளியையும் வெப்பத்தையும் இரண்டையும் அளந்தால், அது எவ்வளவு கறுப்பு, எவ்வளவு பெரிசு என்று சேர்த்தே கணக்கிட்டுவிடலாம்.

வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவில் நம் காற்று மண்டலம் தடுத்துவிடும். அதனால் விண்வெளிக்குப் போக வேண்டியிருந்தது. 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் என்ற செயற்கைக்கோள் அந்த வேலையைச் செய்தது. அதன் அளவீட்டின்படி ஆசியாவின் விட்டம் சுமார் 58 கிலோமீட்டர். தன் மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய கால்பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நம் நிலவைவிட இரண்டு மடங்கு வெளிர்.

ஆசியாவின் அடையாள அட்டை

சூரியனிலிருந்து சராசரித் தூரம் சுமார் 36 கோடி கிலோமீட்டர், அதாவது 360 மில்லியன். பூமியின் தூரத்தைப் போல 2.4 மடங்கு. பாதை சற்று நீள்வட்டம் என்பதால் 29 கோடிக்கும் 43 கோடிக்கும் இடையே தூரம் மாறும்.

ஒரு முறை சூரியனைச் சுற்ற சுமார் 3.8 ஆண்டுகள். அதே நேரத்தில் செவ்வாய் கிட்டத்தட்டச் சரியாக இரண்டு சுற்று முடித்துவிடும்.

தன்னைத் தானே சுற்ற ஏறக்குறைய 16 மணி நேரம். இது எப்படித் தெரிந்தது? குறுங்கோள் உருண்டையாக இல்லை, கோணல்மாணலாக இருக்கிறது. அகலமான பக்கம் நம் பக்கம் திரும்பும்போது கொஞ்சம் பளிச்சென்று தெரியும். குறுகிய பக்கம் வரும்போது மங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து அளந்தால் சுழற்சி நேரம் கிடைத்துவிடும்.

எதனால் ஆனது?

ஆசியா 'எஸ்' வகைக் குறுங்கோள். பாறை வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பும் மக்னீசியமும் கலந்த சிலிக்கேட் கனிமங்கள்தான் முக்கியப் பொருள். ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், எந்தக் கனிமம் எந்த நிறத்தை விழுங்கியது என்று தெரியும். அதுதான் கைரேகை.

தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னது உண்மையா என்று சந்தேகம் வரலாம். நியாயம்தான். அதையும் சரிபார்த்தாயிற்று. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005-இல் இட்டோகாவா என்ற குட்டிக் குறுங்கோளில் இறங்கி, 2010-இல் அதன் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்தது. இட்டோகாவாவும் 'எஸ்' வகை. பூமியில் அடிக்கடி விழும் சாதாரணக் கல் விண்கற்களும் இந்த வகைக் குறுங்கோள்களும் ஒரே சரக்கு என்பது அந்தத் தூசியிலிருந்து உறுதியானது. எனவே ஆசியாவின் மண்ணை யாரும் தொடாவிட்டாலும், அதன் உறவுக்காரர்களின் துண்டு அருங்காட்சியகங்களில் இருக்கிறது.

அங்கே போய் 'திகாம் பத்து' செய்தால் என்ன ஆகும்?

இதுதான் ஜாலியான பகுதி. ஆசியாவின் எடையை நேரடியாக அளக்காமல், அதே வகைக் கற்களின் வழக்கமான அடர்த்தியை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். அங்கே ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் சுமார் 450-இல் ஒரு பங்குதான் வரும்.

இங்கே 60 கிலோ எடையுள்ள நீங்கள் அங்கே நின்றால், தராசு ஏறக்குறைய 130 கிராம்தான் காட்டும். ஒரு ஆப்பிளைவிடக் கொஞ்சம் குறைவு. இங்கே அரை மீட்டர் எகிறிக் குதிக்கிறவர், அங்கே அதே பலத்தோடு குதித்தால் இருநூறு மீட்டருக்கு மேல் போவார். பினாங்கு கொம்தாரின் உச்சியை நெருங்கிவிடும் உயரம். மறுபடி கீழே வந்து சேர நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் போனைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

கல்லை எறிந்தால்? மணிக்குச் சுமார் 125 கிலோமீட்டர் வேகம் இருந்தால் போதும், அந்தக் கல் திரும்பவே வராது. ஆசியாவின் ஈர்ப்பிலிருந்து தப்பி, தனியாகச் சூரியனைச் சுற்றத் தொடங்கிவிடும். கிரிக்கெட்டில் வேகப் பந்து வீச்சாளர்கள் 140-ஐத் தாண்டி வீசுகிறார்கள். அதாவது ஒரு நல்ல பந்து வீச்சாளர் அங்கே நின்றுகொண்டு கையாலேயே ஒரு புதிய குட்டிக் குறுங்கோளை உருவாக்கலாம். பூமியிலிருந்து தப்பிக்க மணிக்கு 40,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்கு ராக்கெட் இல்லாமல் முடியாது.

மதராஸில் பிறந்த மற்ற பிள்ளைகள்

ஆசியாவின் தங்கைகளில் இரண்டு பேர் பிற்காலத்தில் ரொம்பப் பிரபலம் ஆனார்கள். சில்வியாவும் கமில்லாவும்.

சில்வியாவின் விட்டம் சுமார் 270 கிலோமீட்டர். திகாம் பத்துவில் வைத்தால் தஞ்சோங் மாலிமைத் தாண்டிப் போகும். நிலக்கரி மாதிரிக் கறுப்பு. பட்டையின் வெளி ஓரத்தில், 6.5 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுகிறது. 2001-இல் இதற்கு ஒரு நிலவு இருப்பது தெரிந்தது. 2005-இல் இரண்டாவது நிலவும் அறிவிக்கப்பட்டது. இரண்டு நிலவுகள் உள்ள குறுங்கோள் என்று முதலில் தெரியவந்தது சில்வியாதான். ரோமானியப் புராணத்தில் ரியா சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகளான ரோமுலஸ், ரீமஸ் பெயர்களையே நிலவுகளுக்கும் வைத்தார்கள். பிறகு கமில்லாவுக்கும் இரண்டு நிலவுகள் இருப்பது தெரியவந்தது.

நிலவு இருந்தால் என்ன பெரிய விஷயம்? இருக்கிறது. நிலவு எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று பார்த்தால், நடுவில் இருப்பதன் எடையைக் கணக்கிட்டுவிடலாம். பூமியின் எடை தெரிந்தால் நிலவின் ஓட்டம் தெரியும். ஓட்டம் தெரிந்தால் எடை தெரியும். நீங்கள் பள்ளியில் படிக்கும் அதே நியூட்டன் விதிதான். எடையையும் அளவையும் வைத்து அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். முடிவு ஆச்சரியமாக இருந்தது. சில்வியாவின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முழுப் பாறையாக இருந்தால் அதைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

அப்படியென்றால் சில்வியா ஒரே கல் இல்லை. உள்ளே நிறைய வெற்றிடம், ஒருவேளை பனியும் இருக்கலாம். எப்போதோ நடந்த ஒரு மோதலில் சிதறிய துண்டுகள் மீண்டும் ஒன்றுகூடிக் குவிந்த சரளைக் குவியல் அது. அந்த மோதலில் மிச்சமான துண்டுகள்தான் நிலவுகள் என்று கருதப்படுகிறது.

இது பூமிக்கு ஆபத்தா?

இல்லை. ஆசியா சூரியனை எவ்வளவு நெருங்கி வந்தாலும், பூமியின் பாதைக்கும் அதற்கும் இடையே சுமார் 14 கோடி கிலோமீட்டர் இருக்கும். சில்வியாவும் கமில்லாவும் இன்னும் தூரம். 'ராட்சதக் குறுங்கோள் நாளை பூமியை மோதும்' என்று யாராவது அனுப்பினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அதன் எண்ணும் பெயரும் என்ன? பதிவான ஒவ்வொரு குறுங்கோளின் பாதையும் பொதுவில் இருக்கிறது. பெயரே இல்லாத தகவல் என்றால், அழித்துவிடுங்கள். அம்மாவுக்கு அனுப்பாதீர்கள்.

ஆபத்து இருக்கக்கூடியவை பூமியின் பாதையை ஒட்டி வரும் சின்னக் குறுங்கோள்கள். அவற்றைத்தான் உலக நாடுகள் கண்காணிக்கின்றன. 2022 செப்டம்பர் 26 அன்று நாசா, டார்ட் என்ற விண்கலத்தை டைமார்ஃபோஸ் என்ற குட்டி நிலவின் மேல் வேண்டுமென்றே மோதவிட்டது. தன் தாய்க் குறுங்கோளைச் சுற்ற அது எடுத்துக்கொண்ட நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. ஒரு கல்லைத் தள்ளிவிட முடியும் என்று மனிதர்கள் முதல் தடவை நிரூபித்தது அன்றுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தள்ள வேண்டியது முழுப் பாறையா, சரளைக் குவியலா என்று தெரியாமல் எப்படித் தள்ளுவது? மதராஸில் கண்டுபிடித்த சில்வியாவின் எடையை அளந்த அதே கேள்விதான் இங்கேயும் முக்கியம்.

போக்சனுக்குப் பிறகு?

1885-இல் வேரா. அதன் பிறகு இந்தியாவிலிருந்து குறுங்கோள் கண்டுபிடிப்புக்கு நூறாண்டுக்கு மேல் இடைவெளி. 1988 பிப்ரவரி 17 அன்று, தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் எடுத்த படங்களில், ஆர். ராஜமோகன் நகரும் ஒரு புள்ளியைப் பிடித்தார். அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். கும்பகோணத்தில் வளர்ந்த அதே கணித மேதையின் பெயர்தான். அதே தமிழ் மண், அதே வழி: இரண்டு இரவு, ஒரே இடம், எது நகர்ந்தது?

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. சிலியில் உள்ள ரூபின் வானாய்வகம் 2025-இல் தன் முதல் படங்களை வெளியிட்டபோது, சுமார் பத்து மணி நேரப் பதிவிலேயே இரண்டாயிரத்துக்கும் மேல் புதிய குறுங்கோள்களைக் காட்டியது. போக்சனுக்கு வாழ்நாள் முழுக்க எட்டு.

அப்போ நமக்கு என்ன வேலை?

இருக்கிறது. திகாம் பத்து ஏறக்குறைய 5.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. கோள்களும் பட்டைக் குறுங்கோள்களும் போகும் பாதை நம் தலைக்கு மேலேயே கடந்துபோகும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. மலேசியாவின் தேசிய வானாய்வகமும் நம் கெடாவில்தான், லங்காவியில் இருக்கிறது. குறை என்னவென்றால் மேகமும், சுங்கை பட்டாணிப் பக்கம் கூடிக்கொண்டே போகும் விளக்கு வெளிச்சமும்தான்.

ஆசியாவைப் பார்க்க ஒரு நல்ல சிறு தொலைநோக்கி வேண்டும். சுமார் 16 மாதத்துக்கு ஒரு முறை அது பூமிக்கு எதிர்ப்புறமாக வரும். அப்போது முயற்சி செய்யலாம். தொலைநோக்கி இல்லையா? வெஸ்டாவிலிருந்து தொடங்குங்கள். பட்டையிலேயே அதிகம் ஒளிரும் குறுங்கோள் அது. சாதாரண பைனாகுலர் போதும். ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலியில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுற்றியுள்ள ஏழெட்டுப் புள்ளிகளை ஒரு காகிதத்தில் வரையுங்கள். இரண்டு நாள் கழித்து அதே நேரம், அதே இடம். எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது?

மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களைப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்து, நகரும் புள்ளிகளைத் தேடச் சொல்லும் சர்வதேசத் திட்டம் ஒன்று நடக்கிறது: சர்வதேச வானியல் தேடல் கூட்டுமுயற்சி. ஒரு ஆசிரியர், ஒரு கணினி, இணையம் இருந்தால் குழுவாகச் சேரலாம். கண்டுபிடித்தது உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் முதலில் பார்த்தவர் யார் என்பது பதிவில் இருக்கும்.

நம் பாட்டன் பாட்டிகள் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும்போது விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொன்னவர்கள். வானத்தைப் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. பார்த்ததை எழுதி வைத்து, பெயரோடு அனுப்புகிற பழக்கம்தான் இனி வர வேண்டும்.

அடுத்த மேகமில்லாத இரவில், ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வெளியே போங்க.